பாத்திரம் கழுவும் மெசினுக்குப் பூசை போட்டது

விஜயதசமி அன்று காலையில் வீட்டில் இருந்தது மூன்று பேர். அம்மா, நான், பக்கத்து வீட்டுச் சித்தி. அப்பா இல்லை. பூசை போட்ட லாரியை நல்ல நேரத்தில் எடுக்க வேண்டும் என்று, விடியும் முன்பே சிமெண்டு லோடு ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் என்ன நடந்தது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்து ஒன்றும் ஆகியிருக்காது என்பது வேறு விஷயம்.

நான் பெரம்பலூரில் ஒரு மக்காச்சோள மண்டியில் கணக்கு பார்க்கிறேன். ஆயுத பூசை மண்டியில் தடபுடலாக நடந்தது. எடை மேடைக்கு மாலை போட்டு, மூட்டை தைக்கிற மெசினுக்குச் சந்தனம் தடவி, கம்ப்யூட்டருக்கு நானே என் கையால் பொட்டு வைத்தேன். எல்லாம் முடிய இருட்டிவிட்டதால் ரூமிலேயே தங்கிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் பொரியும் சுண்டலும் கட்டின பையோடு அரியலூர் வந்து இறங்கினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள்.

“தம்பி, இங்க வந்து பாரு. மெசினு எந்திரிக்க மாட்டேங்குது.”

போனேன். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, குழாயை ஒட்டி, பாத்திரம் கழுவும் மெசின் நின்றுகொண்டிருந்தது. உச்சியில் வாடின சாமந்தி மாலை. முன்பக்கம் பட்டையாக விபூதி, நடுவில் பொட்டு. காலடியில் ஒரு எலுமிச்சம்பழம். சித்தி வாசற்படியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

“வாய்யா தம்பி. உன் பொண்டாட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வந்து என்னான்னு கேளு.”

அந்த மெசினுக்குச் சித்தி வைத்த பேர் மருமவ. கல்யாணம் கட்டிக் கொண்டுவர வேண்டிய வயதில் நான் மெசின் வாங்கிக் கொண்டுவந்தேன் என்பது அவள் கட்சி. “எக்கா, உன் மருமவ நல்லவ. எதுத்துப் பேச மாட்டா, ஆத்தா வூட்டுக்குப் போவணும்னு அழ மாட்டா” என்பாள். அம்மாவும் சிரிப்பாள்.

பொத்தானை நான் அழுத்தினேன். விளக்கு வரவில்லை. எப்போதும் வரும் ‘டிங்’ சத்தமும் இல்லை. கதவைத் திறந்து மூடி மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை. உள்ளே முந்தின நாள் பூசைக்குப் பொங்கல் வைத்த பானையும், சுண்டல் சட்டியும், தட்டுகளும் அம்மா அன்று காலையில் அடுக்கினபடி காய்ந்துபோய் இருந்தன.

இந்த மெசின் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா வீட்டிலேயே சமைத்து மதியச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறவள். ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் வெளியூர் வாத்தியார்கள், சிமெண்டு கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருக்கும் பையன்கள், கோர்ட்டுப் பக்கம் டைப் அடிக்கிற ஓர் அண்ணன், இப்படி ஆட்கள். காலையில் கேரியர்களை ஒரு ஆட்டோக்காரர் எடுத்துப்போவார். சாயங்காலம் சோறு காய்ந்து ஒட்டின கேரியர்கள் திரும்பி வரும். ஒரு கேரியருக்கு நாலு அடுக்கு. சாம்பார் அடுக்கில் மஞ்சள் ஏறியிருக்கும், மீன் போட்ட நாளில் வாடை போகாது. எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் அம்மா படுப்பாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டினவன் நான் ஒருத்தன்தான். அப்பா லாரிச் சம்பளத்தில் வீடு ஓடியது. என் காலேஜ் ஓடியது கேரியரில்.

அந்தக் கேரியர்கள் அம்மாவின் கையைத் தின்றுவிட்டன. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு தோல் உரிந்தது. அப்புறம் வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிந்தது. சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியில் சாப்பிட ஆரம்பித்தாள். அரியலூர் பெரியாஸ்பத்திரித் தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மருந்து நான் தரேன். ஆனா சோப்புத் தண்ணில கை வெச்சீங்கன்னா மருந்து வேலை செய்யாதும்மா. ஒண்ணு தொழில மாத்துங்க, இல்ல கைய மாத்துங்க.”

“கைய எங்கம்மா மாத்தறது” என்றாள் அம்மா.

“அப்ப தொழில மாத்துங்க.”

அம்மா வீட்டுக்கு வந்து கேரியரைத்தான் கழுவினாள். தொழில் என்று அவளுக்குச் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான். அப்பாவிடம் கேட்காமல் அவள் செலவு பண்ணுகிற காசு அது. ஆள் வைத்துக் கழுவலாம் என்றால், வைத்த ஆட்கள் நிற்கவில்லை. சித்திக்குத் தையல் வேலை. அதனால்தான் மண்டியில் வேலைக்குச் சேர்ந்து சேர்த்த காசைப் போட்டு, திருச்சியில் ஒரு கடையில் இந்த மெசினை வாங்கினேன். சமையலறையில் இடமில்லை, தண்ணீர் வெளியேற வழியும் இல்லை. பின்கட்டில் வைத்தோம்.

அப்பா முதலில் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. “தட்டு கழுவ மெசினு. நாளைக்கு வாய் கொப்புளிக்க ஒரு மெசினு வாங்குவான்” என்றார். ஆனால் லோடு இல்லாத ஒரு நாள், ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அது ஓடி முடிகிற வரைக்கும் முன்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டார். லாரி இஞ்சின் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் கதவைத் திறந்தால் குப்பென்று ஆவி அடித்தது. ஒரு அடுக்கை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “மீன் வாடையே இல்ல” என்று அம்மாவிடம் நீட்டினார். அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

அம்மாவின் கை ஆறியது. புதுத் தோல் ரோஸ் நிறத்தில் வந்தது. புரட்டாசியில் ஒரு நாள் அவள் கையால் எனக்குச் சோறு பிசைந்து உருட்டிக் கொடுத்தாள்.

அந்த மெசின்தான் எழுந்திருக்கவில்லை.

கூடவே வந்த புத்தகத்தை எடுத்து வந்தேன். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். கடைசிப் பக்கங்களில் ‘இப்படி இருந்தால் இதைப் பார்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அம்மாவும் சித்தியும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்லிச் செய்தேன்.

முதலில் பிளக். பிடுங்கி, ஊதி, மாட்டினேன். அந்தப் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சமையலறை மிக்சியைத் தூக்கி வந்து சொருகினேன். மிக்சி கத்தியது.

“கரண்ட் இருக்கு” என்றேன்.

“மிக்சி நம்ம வூட்டுப் பழைய பொண்ணு. அது கத்தும்” என்றாள் சித்தி.

அடுத்து மெயின் பெட்டி. எந்தச் சுவிட்சும் விழுந்திருக்கவில்லை. அடுத்து கதவு. கதவு சரியாகச் சாத்தாவிட்டால் ஓடாது என்று போட்டிருந்தது. உள்ளே இருந்த பொங்கல் பானை இடிக்கிறதோ என்று எடுத்துவிட்டு, ‘க்ளிக்’ சத்தம் கேட்கிற மாதிரி சாத்தினேன். குழந்தைகள் தொடாமலிருக்க ஒரு பூட்டு உண்டாம். ரெண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் விடும் என்றிருந்தது. பிடித்தேன். விரல் வலிக்கும் வரை பிடித்தேன்.

“பூட்டு போட வூட்டுல கொழந்த யாரு இருக்கா” என்றாள் அம்மா.

“தானா போட்டுக்கும்மா சில சமயம்.”

“அதுவே போட்டுக்குமா?”

எனக்கும் தெரியாது. படித்ததைச் சொன்னேன்.

பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் சும்மா விட்டு மாட்டச் சொல்லியிருந்தது. சும்மா விட்டோம். அந்த நேரத்தில் சித்தி இன்னொரு டம்ளர் காபி குடித்தாள். மாட்டினேன். பொத்தானில் விரலை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள். அழுத்தினேன்.

புத்தகத்தில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். ‘மேற்கண்ட எதுவும் பயன் தராவிட்டால் சர்வீஸ் மையத்தைத் தொடர்புகொள்ளவும்.’ அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

“என்ன போட்டிருக்கான்?” என்றாள் அம்மா.

“போன் பண்ணச் சொல்றான்.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்று சித்தி எழுந்து போனாள்.

போன் பண்ணினேன். இந்திக்கு ஒன்றை அழுத்து, இங்கிலீஷுக்கு ரெண்டை அழுத்து என்றது. ரெண்டை அழுத்தினேன். எழுதி வைத்துக்கொண்டு பேசினேன், தப்பு வரக் கூடாது என்று. எதிர்முனைப் பெண் அரியலூர் என்கிற பேரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வைத்தாள். அரியலூருக்குத் தனி ஆள் கிடையாது, திருச்சியிலிருந்து வருவார், வரும்போது போன் பண்ணுவார் என்றாள். எப்போது என்பதற்கு, கூடிய சீக்கிரம்.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா.”

“இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானடா.”

மறுநாள் கேரியர் வந்தது. நான் மண்டிக்குப் போக வேண்டியிருந்தது. கடைவீதியில் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனேன். கையுறைக்குள் வேர்த்துக் கை புழுங்கிப்போய், அரிப்பு முன்னைவிட மோசமாக வந்தது. கையுறையைக் கழற்றிக் கொடியில் காயப்போட்டுவிட்டு வெறுங்கையால் தேய்த்தாள். போனில் கேட்டால், “பரவால்ல, நீ சாப்ட்டியா” என்பாள். அந்தப் ‘பரவால்ல’வில் எவ்வளவு ரத்தம் என்று நான் சனிக்கிழமை வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. விரல் இடுக்கில் எல்லாம் வாய் பிளந்திருந்தது. ரோஸ் தோல் போயே போய்விட்டது.

தெரு எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தேன். அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “மெசின் வரைக்கும் கரண்ட் வருது தம்பி. உள்ள நான் கை வெச்சா வாரண்டி போயிடும். எனக்கெதுக்கு அந்தப் பாவம்” என்று டீக்காசு வாங்கிக்கொண்டு போனார். வாரண்டி இருக்கிறது என்பதே அப்போது தெம்பாக இருந்தது. கம்பெனிக்காரன் வருவான், மாற்றிக் கொடுப்பான். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மாவிடமும் அதையே சொன்னேன். திருச்சி ஆள் வரவில்லை. போன் பண்ணும்போதெல்லாம் எழுத்தெழுத்தாக அரியலூர் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்க முடியாமல் மெசினைத் துடைத்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு. எதைத் துடைத்தாலும் துணியில் மாவு மாதிரி வெள்ளைத் தூசி வரும். மெசினில் வரவில்லை. பின்பக்கம், குழாய் சொருகுகிற மூலை, காலுக்கு அடியில்கூட வரவில்லை. வாங்கின நாளிலிருந்து அது இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பொத்தான்களைச் சுற்றியிருந்த சந்துக்குள் மட்டும் குங்குமம் கரைந்து ஓடின சிவப்புக் கோடு, மேலிருந்து கீழாக.

“இதுக்கு யாருமா பூசை போட்டது?”

“அப்பாதான்.”

“கழுவினாரா?”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஒரே தூசியா இருந்துச்சு. லாரிக்கு முன்னாடி இதத்தான் கழுவணும்னாரு. மோட்டாரப் போட்டு ஓஸ் பைப்பால அடிச்சாரு. பிளக்கப் புடுங்கிட்டுத்தாண்டா அடிச்சாரு. விவரமாத்தான் செஞ்சாரு. தொடச்சு, மாட்டிவுட்டு, பூசைக்கு லைட்டு போட்டாரு. எரிஞ்சுச்சு. நானே பாத்தேன்.”

“அப்பறம்?”

“பூசை போட்டத அன்னிக்குத் தொடக் கூடாதுல்ல. அப்புடியே வுட்டுட்டோம்.”

எனக்குப் புரிந்தது. கழுவின தண்ணீர் பொத்தான் சந்து வழியாக உள்ளே இறங்கி, கரண்ட் இருந்த நிலையில், ராத்திரி முழுக்க மெதுவாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது. மண்டியில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தேனே, அதன் மேல் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. அது கம்ப்யூட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். இது பாத்திரம் கழுவுகிற மெசின். நாள் பூராவும் தண்ணீரில் கிடக்கிற பொருளுக்குத் தண்ணீர் ஆகாது என்று யார் நினைப்பார்கள். எங்கள் அப்பா ஆயுத பூசைக்கு லாரியைக் கழுவுவதைப் பார்க்க வேண்டும். டயரின் பள்ளம் பள்ளமாகக் குச்சி விட்டுக் கழுவுவார். அந்த மாதிரி கழுவியிருக்கிறார். லாரிக்கு ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சை வைக்கிறவர், இது எங்கேயும் ஓடப்போவதில்லை என்று தெரிந்தும் ஒன்று வைத்திருக்கிறார்.

“அப்பாகிட்ட கேக்காத” என்றாள் அம்மா.

“கேக்கல.”

“வர்றவன்கிட்டயும் சொல்லாத.”

நான் புத்தகத்தை எடுத்து வாரண்டிப் பக்கத்தைப் பார்த்தேன். வெளியிலிருந்து தண்ணீர் புகுந்து வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாது. தெளிவாகவே போட்டிருந்தது. வாங்கின அன்றைக்கே அதைப் படித்திருக்கிறேன். அடியில் பென்சில் கோடுகூட இருந்தது, நான் போட்டது.

திருச்சி சர்வீஸ்காரர் வந்தது தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு. நான் மண்டியில் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா முந்தின நாள் ராத்திரி லோடு முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

என் வயதுதான் இருக்கும் அவருக்கு. புத்தகத்தில் இருந்த அதே கட்டங்களை அதே வரிசையில் செய்தார். பிளக், மெயின், கதவு, பூட்டு. நான் பக்கத்தில் நின்று, அதெல்லாம் பண்ணியாச்சு சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பண்ணணும் சார், போட்டோ எடுக்கணும் என்றார். பிறகு கதவின் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சைக் கலரில் ஒரு போர்டு. அதன் ஒரு மூலை கருகி, கருகின இடத்தைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி இருந்தது.

“தண்ணி எதுவும் பட்டுச்சாம்மா?”

“மழ பேஞ்சுச்சு” என்றாள் அம்மா. “சாரல் அடிக்கும் இங்க.”

அவர் கூரையைப் பார்த்தார். அம்மாவின் முந்தானையைப் பார்த்தார். அம்மா கையை எடுத்துக் காட்டவில்லை, ஆனால் கேரியர் மூட்டை பக்கத்திலேயே இருந்தது. என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மழைன்னாலும் கவர் ஆவாதும்மா. உள்ள டியூப் லீக்காகி போர்டுல பட்டுருக்குன்னு போட்டு அனுப்பறேன். அப்படின்னா கம்பெனி கணக்குல போர்டு வந்துரும். மேனேஜர் வீடியோ கால்ல பாப்பாரு. நீங்க யாரும் ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கறேன்.”

அதைக் கேட்டதும் எனக்கு இருந்த மனநிலையைச் சொல்ல வேண்டும். பொய் என்று எனக்கு ஒரு துளிகூடத் தோன்றவில்லை. ஸ்கூலில் நான் வகுப்புத் தலைவன். பேசினவன் பேரை எழுதச் சொன்னால் என் பேரையும் சேர்த்து எழுதுகிறவன். அன்றைக்கு அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வீடியோ கால் போட்டார். போனைப் போர்டுக்கு நேராகப் பிடித்தார். மேனேஜர் முகம் மூலையில் சின்னதாகத் தெரிந்தது. “டியூப் ஜாயிண்டுல லீக் சார். மேல ஏறிப் போர்டுல…” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். தூங்கி எழுந்த முகம். தோளில் துண்டு. சர்வீஸ்காரரைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து, ஆபீஸ்காரர் யாரைப் பார்த்தாலும் அவர் அப்படித்தான் செய்வார்.

“வாங்க சார். நல்லாப் பாருங்க சார். பொருள்ல கொறை இருக்கலாம், நாங்க கொறை வெக்கல” என்றார்.

“ஏங்க, நீங்க உள்ள போங்க” என்றாள் அம்மா.

“இரும்மா, சார் தெரிஞ்சுக்கட்டும்.” போனில் ஒரு முகம் இருப்பதைப் பார்த்து, அதற்கு நேராகக் குனிந்து சத்தமாகச் சொன்னார். “சார், ஆயுத பூசைக்கு என் லாரிக்கு முன்னாடி இதத்தான் சார் கழுவினேன். மோட்டாரு போட்டு, ஓஸ் வுட்டு, மேல கீழ, பொத்தான் சந்து வரைக்கும் அடிச்சுக் கழுவினேன். ஒரு பொட்டுத் தூசி பாக்க முடியாது. அப்புடி வெச்சிருக்கோம் சார் பொருள.”

போனுக்குள்ளிருந்து மேனேஜர் கேட்டார்: “யாருப்பா அது, கஸ்டமரா?”

“ஆமா சார்” என்றார் சர்வீஸ்காரர்.

“வெளித் தண்ணின்னு போட்டுரு. சார்ஜபிள்.”

கால் கட்டானது. சர்வீஸ்காரர் மூடியை மாட்ட ஆரம்பித்தார். திருகாணி ஒன்று கீழே விழுந்து உருண்டது. அப்பா அதைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சொல்றாரு?”

நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது. தண்ணீர் உள்ளே போனதால் போர்டு போய்விட்டது, தண்ணீர் போனதற்குக் கம்பெனி பொறுப்பில்லை, போர்டு காசு நாம் கொடுக்க வேண்டும், போர்டும் கையிருப்பு இல்லை, வர நாளாகும். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று சொன்னார்.

“தண்ணியில ஓடுற மெசினுடா அது.”

“ஆமாப்பா.”

அன்று சாயங்காலம் கேரியர்கள் வந்தபோது அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார். அம்மா எவ்வளவோ சொல்லியும் எழுந்திருக்கவில்லை. லாரி துடைக்கிற மாதிரி முழங்கை வரை சோப்பு. சித்தி மதில் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். “மாமா, மருமவ செய்யாட்டி மாமனாரு செய்யணும்னு சட்டமா?” என்று கேட்டுவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். மறுநாளும் அவரே கழுவினார். அடுத்த நாள் லாரி ஓனர் கூப்பிட்டார், தூத்துக்குடி லோடு. போகாமல் இருக்க முடியாது. கிளம்பும்போது, “நான் வர்ற வரைக்கும் சும்மா போட்டு வையி” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு கேரியரை அப்படிப் போட்டு வைக்க முடியுமா.

அப்பா கழுவின கேரியரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது என்று டைப் அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கோபப்படவில்லை. “அம்மாவுக்கு முடியலைன்னா சொல்லச் சொல்லுங்க தம்பி, பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு மெஸ்ஸு இருக்கு” என்று எனக்குப் போன் பண்ணினார். வாத்தியார்கள் ஒவ்வொருத்தராக அங்கே மாறினார்கள். அம்மா கையில் சீழ் வைத்துவிட்டது. டாக்டரம்மா இந்த முறை தொழிலைப் பற்றியோ கையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. ஊசி எழுதிக் கொடுத்தார். தீபாவளிக்கு முதல் நாள் கடைசிக் கேரியரைக் கொடுத்தனுப்பிவிட்டு, ஆட்டோக்காரரிடம் “நாளைலேருந்து வராதப்பா” என்றாள். அவர் பண்டிகை லீவு என்று நினைத்துக்கொண்டு, “அப்ப எப்பம்மா வரட்டும்” என்றார். அம்மா சிரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

கேரியர்களைத் துணியில் கட்டிப் பரணில் ஏற்றினது நான்தான். எடையே இல்லை. காலியாக இருந்தால் கேரியருக்கு எடை கிடையாது.

அதற்கப்புறமும் போர்டை அப்பா விடவில்லை. வேண்டாங்க என்றாள் அம்மா. வேண்டாம்ப்பா என்றேன் நானும். கழுவ என்ன இருக்கிறது வீட்டில். அவர் திருச்சி வழியாக லோடு போகும்போதெல்லாம் அந்த சர்வீஸ் கடையில் இறங்கி, வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். போர்டு வந்தது மார்கழியில். மறுபடி அதே ஆள் வந்தார். மாட்டினார். பொத்தானை அழுத்தினார். ‘டிங்’ என்றது. பச்சை விளக்கு எரிந்தது. சர்வீஸ்காரர்தான், “ஓடுதும்மா” என்றார், அது தன் குற்றம் என்கிற மாதிரி.

அம்மா மூன்று தட்டையும் ஒரு குழம்புச் சட்டியையும் உள்ளே வைத்தாள். அவ்வளவு பெரிய வயிற்றுக்குள் அவை ஒரு மூலையில் கிடந்தன. அம்மாவின் வலது கையில் ரெண்டு விரல் மடங்குவதில்லை இப்போது. இடது கையால் கதவைச் சாத்தினாள்.

லோடு போகும்போது சாப்பாட்டுக்குக் கிடைக்கும் படிக்காசில் மிச்சம் பிடித்ததை அப்பா சட்டையின் உள்பாக்கெட்டில் இருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார். சர்வீஸ்காரர் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இங்கிலீஷில் இருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“படி. என்ன போட்டிருக்கான்னு அம்மாவுக்குச் சொல்லு.”

படித்துச் சொன்னேன். போர்டு, வந்து போன கூலி ரெண்டு தடவைக்கு, வரி, எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.